இரண்டு அடுப்பு, பதினொரு பேர், 1500 ரூபாய்: சனிக்கிழமை இரவு என்ன சமைக்கலாம்?

பீளமேட்டுப் பறவை | வியாழன் காலை 8.40

அடுத்த வாரம் சனிக்கிழமை இரவு கல்லூரிக் காலத்து நண்பர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எங்களையும் சேர்த்துப் பெரியவர்கள் எட்டுப் பேர், குழந்தைகள் மூன்று பேர். கோவையில் வாடகை வீடு. சமையலறையில் இரண்டு அடுப்புதான், ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாது. 1500 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். மாதக் கடைசி என்பதால் அதற்கு மேல் இழுக்காது.

வருகிறவர்களில் இரண்டு பேர் சைவம். ஒருத்திக்கு நிலக்கடலை ஒவ்வாது; கொஞ்சம் பட்டாலே உதடு வீங்கிவிடும். ஒருவருக்குச் சர்க்கரை நோய். இருவருமே வேலைக்குப் போகிறோம், சனிக்கிழமை மதியம்தான் வீடு திரும்புவோம்.

என் முக்கியமான நிபந்தனை வேறு. சில மாதங்களுக்கு முன் ஒரு தோழி வீட்டுக்கு இதே கூட்டம் போயிருந்தோம். பூரி, குருமா, இரண்டு பொரியல், கேசரி என்று அசத்திவிட்டாள். ஆனால் நாங்கள் கிளம்பும்வரை அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. அவளோடு பேசத்தான் போனோம். அப்படி ஆகக் கூடாது. ஏழு மணிக்கு ஆள் வந்தால், நானும் கூடத்தில் உட்கார வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

ஆம்பூர் மருமகன் | வியாழன் காலை 9.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிரியாணி. ஒரே பாத்திரம், ஒரே வேலை, பின் பரிமாறுவதுதான்.

சீரகச் சம்பா ஒரு கிலோ, கோழி ஒன்றரைக் கிலோ. காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர்ப் பிரியாணியின் நிறமும் காரமும் அந்த விழுதிலிருந்துதான் வருகின்றன, மிளகாய்த்தூளில் வராது. அரிசியைத் தனியே முக்கால் பதம் வேகவைத்து வடித்து, மசாலாவில் சேர்த்துத் தம் போட வேண்டும். தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும். என் மாமனார் ஊரில் பிரியாணிக்குக் கத்திரிக்காய் வைக்கவில்லை என்றால் சம்பந்தியே கோபித்துக்கொள்வார்.

கணக்கர் | வியாழன் காலை 9.50

மருமகன் சொன்னதை அடுப்புக் கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். ஒரு அடுப்பில் அரிசி வேகிறது, இன்னொன்றில் கறி மசாலா. கத்திரிக்காய்க்கு அடுப்பு எங்கே? சைவர்கள் இருவருக்கும் காய்கறிப் பிரியாணி தனியாக ஒரு பாத்திரம் ஏற வேண்டும். தம் போட்டபின் அந்த அடுப்பை அரை மணி நேரம் தொட முடியாது. ஒரே பாத்திரம் என்று தொடங்கிய வேலை நான்கு பாத்திரம் ஆகிவிட்டது. பணத்தில் இடிக்காது, நேரத்தில் இடிக்கும். அதுவும் தம் பழகாத கை என்றால் அடிப்பிடித்த பிரியாணியை மறைக்க வழியே கிடையாது.

தனிக்குடித்தனம் | வியாழன் காலை 10.15

மாவு இருந்தால் போதுமே? தோசை, இரண்டு சட்னி, சாம்பார். செலவும் குறைவு, எல்லோரும் சாப்பிடுவார்கள். சூடாக ஊற்றிப் போட்டால் யாருக்குத்தான் பிடிக்காது?

கணக்கர் | வியாழன் காலை 10.25

பதினொரு பேர், ஆளுக்கு மூன்று தோசை என்று குறைவாகவே வைப்போம். முப்பத்து மூன்று. ஒரு தோசைக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கல்லின் முன்னால் நிற்க வேண்டும். எந்த நிலைக்கு வரக்கூடாது என்று கேட்டாரோ, சரியாக அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். சப்பாத்தி, பூரி, ஊத்தப்பம், ஆம்லெட் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஒவ்வொன்றாகச் சுட்டுப் போடும் எதுவும் விருந்தாளி இருக்கும் வீட்டில் ஆகாது.

ஈரோட்டு அத்தை | வியாழன் காலை 11.30

அம்மணி, கோயமுத்தூரில் இருந்துகொண்டு எதற்கு இவ்வளவு யோசனை? அரிசிம்பருப்பு சாதம் வை. பக்கத்தில் பள்ளிபாளையம் சிக்கன். சைவர்களுக்கு அதே முறையில் காளான். தயிர், அப்பளம், ஊறுகாய். இனிப்புக்குப் பாசிப்பருப்புப் பாயசம். முடிந்தது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்று கேள். அரிசிம்பருப்புக்குக் குக்கரை மூடிவிட்டால் பிறகு உனக்கு வேலையே இல்லை. அரிசி மூன்று பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், மஞ்சள்தூள். சீரகமும் மிளகும் கொஞ்சம் கொத்தமல்லி விதையும் தட்டிப் போட வேண்டும், மை போல அரைக்கக் கூடாது. பொன்னி அரிசியே போதும். இலையில் போட்டு மேலே நெய் ஊற்றினால் குழந்தைகளும் மறுக்காமல் சாப்பிடும். குழந்தைகளுக்காகக் காரத்தைக் குறைத்து வைத்துவிடு, காரம் வேண்டுபவர்களுக்குக் கோழி இருக்கிறது.

பள்ளிபாளையம் சிக்கனுக்கு மசாலாத்தூள் எதுவும் தேவையில்லை. இஞ்சி பூண்டு விழுதுகூடப் பழைய கையில் கிடையாது. ஒன்றரைக் கிலோ கோழியைச் சிறு துண்டாக வெட்டி வாங்கு. எண்ணெயில் இருபது காய்ந்த மிளகாயை விதை உதறிக் கிள்ளிப் போட்டு, அரைக் கிலோ சின்ன வெங்காயத்தை நன்றாகச் சுருள வதக்கி, கோழி, மஞ்சள், உப்பு சேர்த்துக் கிளறு. தண்ணீர் ஊற்றாதே, கோழியே விடும். அடிப்பிடித்தால் மட்டும் கையளவு தெளி. பாதி வெந்ததும் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடு. கடைசியில் தண்ணீர் வற்றி எண்ணெய் மினுங்கும்வரை கிளறி இறக்கு. பிராய்லர் என்றால் அரை மணி நேரத்துக்குள் ஆகிவிடும். நாட்டுக்கோழி வாங்கப் போகாதே. விலையும் ஏறும், வேகவும் நேரமாகும்.

வந்தவர்களுக்குச் சுவையாக ஒன்று போதும், வகை வகையாக வேண்டியதில்லை.

மேட்டாங்காட்டார் | வியாழன் மதியம் 12.20

அத்தை மேல் மரியாதை உண்டு. இருந்தாலும் கேட்கிறேன். விருந்துக்குக் கூப்பிட்டு அரிசிம்பருப்பா போடுவது? எங்கள் ஊரில் காய்கறி தீர்ந்துபோன அன்றைக்கும், வீட்டு அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத அன்றைக்கும் வைப்பது அது. என் பாட்டி இருந்திருந்தால் கேட்டவுடன் எழுந்து போயிருப்பார். வந்தவர்களுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?

ஈரோட்டு அத்தை | வியாழன் மதியம் 12.45

தம்பி, கௌரவம் நெய்யில் இருக்கிறது. நல்ல நெய்யாக, கேட்டுக் கேட்டு ஊற்றினால் எந்தப் பாட்டியும் எழுந்து போகமாட்டார்.

பீளமேட்டுப் பறவை | வியாழன் மதியம் 1.30

அத்தை, இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. வீட்டில் அடிக்கடி வைப்பது என்பதாலேயே கணக்கில் எடுக்கவில்லை. மேட்டாங்காட்டார் அண்ணன் சொல்வதும் புரிகிறது. ஆனால் வருகிறவர்களில் மூன்று பேர் நெல்லை, சென்னைப் பக்கம். அவர்கள் அரிசிம்பருப்பைச் சாப்பிட்டதே இல்லை. நம் ஆட்களோ வேலைக்காகப் பெங்களூரில் விடுதியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது கிடைப்பதே இல்லை. ஒரு கூட்டத்துக்குப் புதிது, இன்னொரு கூட்டத்துக்கு ஊர் நினைப்பு. எனக்கு இது சரியாகப் படுகிறது.

ஆம்பூர் மருமகன் | வியாழன் மதியம் 1.40

தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சிக்கன் செய்முறையைக் குறித்துக்கொண்டேன்.

மருந்துக்கடைக்காரர் | வியாழன் மாலை 5.10

சாப்பாட்டுப் பட்டியல் முடிவாகும் முன் இரண்டு விஷயம்.

முதலாவது கடலை. கொங்குப் பக்கம் சமையலுக்குப் பெரும்பாலும் கடலெண்ணெய்தான். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் கடலையின் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும், ஒவ்வாமையைத் தூண்டுவது அந்தப் புரதம்தான். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் அது மிகக் குறைவு என்றாலும் பரிசோதனை செய்து பார்க்கும் இடம் விருந்து அல்ல. அன்றைக்கு முழுக்கத் தேங்காயெண்ணெய். பள்ளிபாளையத்துக்குத் தேங்காய்ப் பல்லோடு பொருந்தியும் போகும். அப்பளம் பொரிப்பதும் அதில்தான். முன்பு கடலெண்ணெய் காய்ச்சிய வாணலியையும் கரண்டியையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். எல்லோரும் மறக்கும் ஒன்று: வந்ததும் கொறிக்க வைக்கும் மிக்சர். அதில் கடலை இருக்கும். கடலை மிட்டாயும் வேண்டாம். பொரியில் வெங்காயம், மாங்காய், தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு போட்டுக் கலந்து வையுங்கள், செலவும் குறைவு. அந்தத் தோழி அவசரத்துக்கு மருந்து எடுத்துவருகிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சர்க்கரை நோயாளி. தனித் தட்டு, தனிச் சமையல் என்று அவரைக் கூட்டத்தில் பிரித்து உட்காரவைக்க வேண்டாம். எவ்வளவு சோறு எடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். கோழியும் காளானும் வெள்ளரிக்காயும் தாராளமாக இருந்தால் போதும். நீங்கள் பார்க்க வேண்டியது நேரத்தை. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். எட்டு மணி என்று சொன்னால் எட்டு மணிக்கு இலை விழ வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் பத்து ஆக்கிவிடாதீர்கள்.

வல்வை நிலா | வெள்ளி அதிகாலை 3.20

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், அதனால்தான் இந்த நேரம். இங்கே பத்துப் பேர் கூடுவதென்றால் ஆளுக்கொரு கறி சமைத்துக்கொண்டு வருவோம். வீட்டுக்காரர் சோறு மட்டும் போடுவார். யாருக்கும் பாரம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் என்றால் நண்பர் கூடும் நாளுக்கு ஒடியல் கூழ்தான். ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு. பெரிய பானை ஒன்று, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, ஒடியல்மா. முற்றத்தில் சுற்றியிருந்து பிலாவிலையைக் கோலிக் குடிப்போம். அதைவிட மலிவான, அதைவிட மகிழ்ச்சியான சாப்பாடு எனக்குத் தெரியாது. உங்கள் சைவ நண்பர்களுக்குப் பொருந்தாது, ஆசைக்குச் சொன்னேன்.

மேட்டாங்காட்டார் | வெள்ளி காலை 7.15

கூழ் ஆசையைக் கிளப்பிவிட்டீர்கள் அக்கா. ஆனால் ஆளுக்கொரு கறி என்பதை நான் ஏற்கமாட்டேன். வா என்று கூப்பிட்டுவிட்டு, வரும்போது குழம்பு கொண்டு வா என்பது எப்படி?

தனிக்குடித்தனம் | வெள்ளி காலை 8.00

அண்ணா, எங்கள் வட்டத்தில் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. நாம் சொல்லாவிட்டால் ஐந்து பேரும் ஐந்து பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு வருவார்கள். சர்க்கரை நோயாளி வரும் வீட்டில் அது எதற்கு? அதற்குப் பதில் ஒருவர் பழம், ஒருவர் குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம், பக்கத்துத் தெருவில் இருப்பவர் இரண்டு பாய் என்று சொல்லிவிட்டால் வீணாகாது. சமைத்த உணவைக் கேட்கத் தேவையில்லை. அதுவும் கடலை ஒவ்வாமை இருக்கும் இடத்தில் வேறு வீட்டுச் சமையலில் என்ன எண்ணெய் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

மேட்டாங்காட்டார் | வெள்ளி காலை 8.20

பாய் சரி. பழமும் சரி.

கணக்கர் | வெள்ளி காலை 10.00

எங்கள் தெருக் கடை விலையில் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் கூடவே வைத்திருக்கிறேன். கோழி ஒன்றரைக் கிலோ 420. அரிசி ஒரு கிலோவும் துவரம்பருப்பு முந்நூறு கிராமும் சேர்த்து 130. சின்ன வெங்காயம் ஒன்றேகால் கிலோவுக்கு 75. காளான் இரண்டு பொட்டலம் 100. தேங்காய்தான் இப்போது கடிக்கிறது. சிக்கனுக்கும் காளானுக்கும் ஒன்றரை, பாயசத்துக்கு இரண்டு, ஆக நான்கு காய் 140. பாசிப்பருப்பு, வெல்லம், முந்திரி 120. நெய் 100. தயிர் ஒரு லிட்டர் 80. அப்பளம், பொரி, வெள்ளரிக்காய், எலுமிச்சை 110. இலை 60. மொத்தம் 1335. மீதி 165-ஐச் செலவழிக்கத் தேடாதீர்கள். கடைசி நேரத்தில் எதையாவது மறந்திருப்பீர்கள்.

இன்னும் குறைக்க நினைத்தால் காய்கறியை உழவர் சந்தையில் வாங்குங்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம். கோவையில் ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் இருக்கிறது. விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், பேரம் வேண்டியதில்லை. காலையிலேயே போக வேண்டும், தாமதமாகப் போனால் வாடியதுதான் மிஞ்சும். சின்ன வெங்காயத்தை வியாழக்கிழமையே வாங்கிவிடலாம், கெடாது. ஆட்டுக்கறி ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறி என்றால் மொத்தப் பணமும் கசாப்புக் கடையிலேயே முடிந்துவிடும்.

பீளமேட்டுப் பறவை | வெள்ளி மாலை 6.40

அருமை. எங்களிடம் ஐந்து லிட்டர் குக்கர்தான் இருக்கிறது. ஒரு கிலோ அரிசி அதில் போகுமா? வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் பத்து லிட்டர் குக்கர் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார். எதை எப்போது தொடங்குவது என்றும் சொல்லுங்கள் அத்தை.

ஈரோட்டு அத்தை | வெள்ளி இரவு 8.15

போகாது. அரிசி, பருப்பு போல உப்பிப் பெருகுவதைக் குக்கரில் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது. துவரம்பருப்பு நுரை கட்டி வால்வை அடைத்துக்கொள்ளும். கூச்சப்படாமல் பத்து லிட்டரை வாங்கி வா. ஆனால் வாங்கி வந்த அன்றே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு விசில் விட்டுப் பார். பெரிய குக்கரை வருடத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள், ரப்பர் காய்ந்து கிடக்கும். சனிக்கிழமை ஏழு மணிக்கு ஆவி கசிந்தால் என்ன செய்வாய்?

ஒரு கிலோ அரிசிக்கு மூன்றரை லிட்டர் தண்ணீர் வை. அந்தக் குக்கரில் ஏறக்குறைய பாதிக்கு வரும். அரிசியும் பருப்பும் இருபது நிமிடம் ஊறினால் போதும். மூன்று விசில், பிறகு தீயைக் குறைத்து ஐந்து நிமிடம். திறந்ததும் கெட்டியாகத் தெரிந்தால் கொதிநீர் ஊற்றிக் கிளறு. ஆற ஆற இறுகும் சாதம் இது, அதனால் கொஞ்சம் இளக்கமாகவே இருக்கட்டும்.

இனி வேலை. இதில் பெரிய வேலை வெங்காயம் உரிப்பதுதான். வெள்ளிக்கிழமை இரவு தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து உரித்து, ஈரம் துடைத்து மூடி போட்டுக் குளிர்பெட்டியில் வை. உன் வீட்டுக்காரருக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாது என்று சொல்லாதே. சனிக்கிழமை வீடு வந்ததும் தேங்காய் கீறுவது, பால் எடுப்பது, பாயசம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர், அடுப்பை அணைத்தபின் கெட்டிப் பாலை ஊற்று. ஊற்றியபின் கொதித்தால் திரிந்துவிடும். இறக்கி ஓரமாக வை, பரிமாறும்போது வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

ஆறு மணிக்கு ஒரு அடுப்பில் கோழி ஏறட்டும், இன்னொன்றில் அப்பளத்தைப் பொரித்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடு. ஏழு மணிக்குக் கோழி இறங்கி மூடி வைத்தாயிற்று. ஏழேகாலுக்குக் குக்கரைத் தாளித்து மூடு. அதற்குப் பின் உனக்குக் காளான் மட்டும். அதை மட்டும் முன்பே செய்யாதே, நீர் விட்டுக் குழைந்துவிடும். ஏழேமுக்காலுக்கு, நல்ல தீயில், உப்பைக் கடைசியில் போட்டுப் பத்து நிமிடம். சைவர்களுக்கு வாணலியும் கரண்டியும் தனி. கோழிக் கரண்டியை அதில் விட்டுவிட்டுத் தெரியாது என்று சொல்லக் கூடாது.

இலை போடும்போது நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தட்டு வைப்பது போல எப்படியோ போட்டுவிடுகிறீர்கள்.

தனிக்குடித்தனம் | வெள்ளி இரவு 9.00

மிஞ்சினால்? எங்கள் வீட்டில் எப்போதும் மிஞ்சும், காலைவரை மேசைமேல் இருக்கும்.

மருந்துக்கடைக்காரர் | வெள்ளி இரவு 9.30

மேசைமேல் இருக்கக் கூடாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பும். சோறு அறைச் சூட்டில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சில் ஒருவகை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். குக்கரோடு மூடி வைத்தால் நடுவில் சூடு இறங்கவே இறங்காது. கோழிக்கும் அதே இரண்டு மணி நேரம்தான்.

மேட்டாங்காட்டார் | சனி காலை 7.05

எல்லாம் சரி. ஆனால் அரிசிம்பருப்பில் கொத்தமல்லி விதையை யார் போடுவார்கள்? சீரகம், மிளகு, பூண்டு. அவ்வளவுதான். கொத்தமல்லி போட்டால் சாம்பார் சாதத்துக்குத் தம்பி ஆகிவிடும்.

ஈரோட்டு அத்தை | சனி காலை 7.30

நேற்றுவரை விருந்துக்கே ஆகாது என்றீர்கள், இன்றைக்குச் செய்முறையில் திருத்தமா? எங்கள் வீட்டில் போடுவோம். ஒரு தேக்கரண்டிதான், தெரியவே தெரியாது.

மேட்டாங்காட்டார் | சனி காலை 7.40

தெரியாது என்றால் எதற்குப் போட வேண்டும்?

பீளமேட்டுப் பறவை | சனி காலை 9.15

இரண்டு பேரும் கோபிக்க வேண்டாம். நாளை ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கு மட்டும் சின்னக் குக்கரில் ஒருமுறை கொத்தமல்லி போட்டும், அடுத்த வேளைக்குப் போடாமலும் வைத்துப் பார்த்து முடிவு செய்கிறேன். வீட்டு உரிமையாளர் அம்மா குக்கரைக் கொடுத்துவிட்டார். அத்தை சொன்னபடி ரப்பரைப் பார்த்தேன், வெடித்திருக்கிறது. காந்திபுரத்தில் பத்து லிட்டருக்கு ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

கணக்கர் | சனி காலை 9.20

கிடைக்கும். பாத்திரக் கடைகளிலேயே கேளுங்கள். குக்கரின் நிறுவனப் பெயரையும் லிட்டர் அளவையும் குறித்துக்கொண்டு, பழைய ரப்பரையும் கையோடு எடுத்துப் போங்கள். அந்த 165-இல் எழுதிக்கொள்கிறேன்.